துபாய் பையில் கசகசா வேண்டாம்!

"அய்யா, அடுத்த மாசம் துபாய்க்குப் போறேன். வீட்டு வேலை, கூடவே பிள்ளை பாக்கணுமாம். ஒரு வருசத்துக்கு மருந்து கட்டித் தாங்க" என்றார், சிவகாசி தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் ஒரு பெண்மணி.

"பயிற்சிக்குப் போனியா தாயி?"

"அதெல்லாம் வேண்டாம், விசிட் விசாவுல போயிரலாம்னு ஏஜென்ட் சொன்னாரு."

பையைப் பார்த்தேன். சுக்கு, ஓமம்... அடியில் ஒரு பொட்டலம் கசகசா! நமக்கு அது குருமாச் சாமான். அங்கேயோ அபினிச் செடியின் விதை, தடை செய்த பொருள். விமான நிலையத்தில் பிடிபட்டால் ஜெயில்தான். என் சூரணம் மட்டும் என்னவாம்? பெயர் எழுதாத எந்தத் தூளும் அங்கே சந்தேகத் தூளே! சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளைக்கூட அட்டையோடு, டாக்டர் சீட்டோடுதான் கொண்டுபோக வேண்டும்.

உங்கள் தெருவிலிருந்து யாராவது இப்படிக் கிளம்பினால் சொல்லுங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் ஒரு நாள் பயிற்சி உண்டு. சம்பள ஒப்பந்தம், அந்த ஊர்ச் சட்டம், ஆபத்தில் தூதரகத்தை அணுகும் வழி எல்லாம் சொல்லித் தருவார்கள். பத்தாவது தேறாத பெண் வளைகுடாவில் வீட்டு வேலைக்குப் போக 30 வயது நிரம்பியிருக்க வேண்டும். அதுவும் அரசு நிறுவனங்கள் வழியாகத்தான். சென்னையில் 1978 முதல் இருக்கும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் அதில் ஒன்று.

"பயிற்சின்னா ஒரு நாள் கூலி போயிருமே அய்யா?"

"போகட்டும் தாயி" என்று கசகசாவை எடுத்து என் மேஜையில் வைத்துக்கொண்டேன்.