கிடந்த கோலமும் நின்ற கோலமும்

சென்ட்ரலில் ஏறி ஆவடியைத் தாண்டினால் திருநின்றவூரில் பெருமாள் நின்ற கோலத்தில் இருக்கிறார். அதே தண்டவாளத்தில் இன்னும் கொஞ்சம் போனால் திருவள்ளூரில் வீரராகவர் பள்ளிகொண்டிருக்கிறார். கேமராவை அகலவாட்டில் பிடித்தால் கிடந்த கோலம், நெட்டுக்குத்தாகப் பிடித்தால் நின்ற கோலம் என்று நான் மனதுக்குள் பெயர் வைத்துக்கொண்டது இந்த ரயிலில் போய்வந்த நாட்களில்தான்.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லித் தெருக்களைப் படமெடுத்து வருகிறேன். நெகட்டிவ் பெட்டியைத் திறந்தால் பெரும்பாலும் கிடந்த கோலம். கைபேசியைத் திறந்தால் பெரும்பாலும் நின்ற கோலம். கருவி மாறியதுதான் காரணம் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. ஊரே எழுந்து நின்றுவிட்டது.

முதல் கேமரா அப்பாவுடைய அக்ஃபா கிளிக் 3. ஒரு ரோலுக்கு 12 சதுரப் படங்கள். பிறகு பழைய யாஷிகா ஒன்று கைக்கு வந்தது. 36 படங்கள், ஒவ்வொன்றும் 24க்கு 36 மில்லிமீட்டர். ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் ‘இந்து’ கறுப்பு வெள்ளை பிலிம் கடைகளில் கிடைத்த காலம் அது. அந்த ஆலை இப்போது மூடிக் கிடக்கிறது. அன்று ஷட்டரை அமுக்குவதற்கு முன் சட்டத்தின் நான்கு ஓரங்களையும் கண் ஒரு சுற்றுச் சுற்றிவரும். மின்கம்பம் யார் தலையிலாவது முளைத்திருக்கிறதா, நடப்பவருக்கு முன்னால் நடக்க இடம் விட்டிருக்கிறதா, வேண்டாத கை எதுவும் ஓரத்தில் நுழைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருட்டறையில் வெட்டிக்கொள்ளலாம்தான். ஆனால் வெட்டி மிஞ்சியதைப் பெரிதாக்கினால் மணல் கொட்டியதுபோல் புள்ளி தெரியும்.

அன்றைய அம்பத்தூர் அகலப் படத்துக்கென்றே அமைந்த ஊர். 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் வந்தது, 1964இல் தொழிற்பேட்டை. ஷிப்டு விட்டதும் சைக்கிள்கள் வரிசையாக வெளியே வரும். பின்னால் ஓடு வேய்ந்த ஷெட்டுகள், முடிவில்லாத காம்பவுண்டுச் சுவர், அதற்கு மேல் வானம். சட்டத்தில் பாதிக்குமேல் அந்தச் சுவருக்கே கொடுப்பேன். சுவர் நீண்டால்தான் அதன் கீழே போகிறவர்கள் எத்தனை பேர் என்பது கண்ணுக்குப் படும். ஒருவரை மட்டும் நெருங்கி எடுத்திருந்தால் அது ஓர் ஆள் சைக்கிளில் வீடு திரும்பும் படம். சுவரோடு எடுத்தால் ஓர் ஊர் வேலை முடித்துத் திரும்பும் படம்.

சட்டம் எங்கே முடிகிறதோ அங்கேதான் பொருள் தொடங்குகிறது என்பதை எனக்குச் சொன்னது இரண்டு நெகட்டிவ்கள். தொண்ணூறுகளின் தொடக்கம், பேட்டையில் ஒரு சிறிய பட்டறை வாசல். ஐம்பது வயதிருக்கும் ஒருவர் சைக்கிள் கேரியரில் சாய்ந்து, சாப்பாட்டுத் தூக்கைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். முகத்தை நெருங்கி ஒன்று எடுத்தேன். களைத்த மனிதர், அவ்வளவுதான். இரண்டடி பின்னால் வந்தபோது வியூஃபைண்டருக்குள் கேட்டும், அதில் சுற்றியிருந்த சங்கிலியும், ஒட்டியிருந்த காகிதமும் வந்துசேர்ந்தன. இரண்டாவது படம். அதே முகம், அதே தூக்கு. ஆனால் வேலை இழந்த மனிதர். பிரிண்டு போட்டு எடுத்துக்கொண்டு மறு வாரம் போனேன். அவர் அங்கே இல்லை. தன் படத்தை அவர் பார்க்கவே இல்லை.

அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சிக்குள் வந்தது. ஆவடி 2019இல் தனி மாநகராட்சியானது. ஷெட்டுகள் இருந்த மனைகள் பலவற்றில் கண்ணாடி முகப்புள்ள அலுவலகங்கள் நிற்கின்றன. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கலங்கரை விளக்கத்திலிருந்து வரும் மெட்ரோவின் தூண்கள். இந்தத் தெருவை அகலவாட்டில் பிடித்தால் தூணின் நடுப்பாகமும் கார்களின் பக்கவாட்டும்தான் கிடைக்கும். நெட்டுக்குத்தாகத் திருப்பினால் ஒழுங்கு வருகிறது: கீழே ஒரு மனிதர், மேலே கான்கிரீட், உச்சியில் கையகல வானம். ஆள் சிறுத்துவிட்டார் என்பதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான சட்டம் இல்லை. ஆனால் நெட்டைச் சட்டத்தில் பக்கத்து ஆளுக்கு இடமில்லை. என் பழைய படங்களில் பெரும்பாலும் யாருமே தனியாக இல்லை. புதிய படங்களில் எல்லாரும் தனியாக இருக்கிறார்கள். அதுதான் என்னை உறுத்துகிறது.

வெட்டுவதில் இப்போது செலவும் இல்லை, தயக்கமும் இல்லை. எடுத்த படத்தை வெட்டக் கூடாது என்பதில் உறுதியாக இருந்த பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே–ப்ரெஸ்ஸோன்கூட, தேங்கிய நீரைத் தாண்டிக் குதிக்கும் மனிதரை எடுத்த 1932ஆம் ஆண்டுப் படத்தை ஓரம் வெட்டித்தான் வெளியிட்டார். ஆகவே வெட்டுவதைக் குற்றமென்று சொல்லமாட்டேன். காத்திருக்கும் பழக்கம் போனதைத்தான் சொல்கிறேன். பட்டரவாக்கம் நிலையத்தில் ஒரு தூணின் நிழலுக்குள் யாராவது நடந்து வருவாரென்று முக்கால் மணிநேரம் நின்ற நாள் உண்டு. இப்போது ஐந்து நிமிடத்தில் நாற்பது எடுத்துவிடுகிறேன்.

பெற்றதும் பெரிது. இருட்டிய பின் டீக்கடை விளக்கில் எடுக்க முடிகிறது. அதைவிட முக்கியம், எடுப்பவர் யார் என்பது. அன்று தெருவுக்கு ஒரு கேமரா; அதுவும் பெரும்பாலும் ஆண் கையில். இன்று பேட்டையில் வேலை செய்யும் பெண்கள் விடுதி மொட்டைமாடியிலும் கம்பெனி பஸ்ஸிலும் தோழிகளை எடுக்கிறார்கள். பஸ் ஜன்னலே சட்டம். அதற்குள் தோளில் சாய்ந்து தூங்கும் இன்னொரு பெண். நான் நுழைய முடியாத இடங்கள் அவை. வெளியே நின்று எத்தனை ஆண்டு காத்திருந்தாலும் எனக்குக் கிடைத்திருக்காத படங்கள்.

பூவிருந்தவல்லி என்று பெயரிலேயே பூவை வைத்திருக்கும் ஊர் பூந்தமல்லி. சென்ற மாதம் அங்கே தூணடியில் மல்லிகை விற்றுக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டுவிட்டு ஒரு படம் எடுத்தேன். நின்ற கோலம், மேலே தூண் ஓங்கி எழுந்திருந்தது. எனக்குத் திருப்திதான். அவர் கையை நீட்டி, “காட்டு சார்” என்றார். கைபேசியை வாங்கிக் கண்ணுக்கருகே வைத்துப் பார்த்தார்.

“இன்னா சார், கூடைய பாதி உட்டுட்ட? பக்கத்துல எங்க அக்கா குந்திக்கினு கீதே, அத்தையும் காணோம்.”

கைபேசியை அகலவாட்டில் திருப்பிக்கொண்டு இரண்டடி பின்னால் போனேன்.