படைவீரனின் இரண்டாம் வாழ்வு

நவம்பர் 11-இல் திருச்சபை நினைவுகூரும் தூர்ஸ் நகர் புனித மார்ட்டின், உரோமைப் படைவீரராயிருந்தபோது குளிரில் வாடிய ஏழைக்குத் தம் மேலாடையில் பாதியை ஈந்தார். நமக்காகப் பனிமலைகளில் நின்று ஊர் திரும்பும் வீரருக்கு நாம் எதனைப் பகிர்கிறோம்?

அன்பார்ந்த இறைமக்களே, பதினைந்து ஆண்டுச் சேவை நிறைந்தால் சிப்பாய்க்கு ஓய்வூதியம் உண்டு. ஆயினும், நாற்பது வயதுக்குள் கச்சிராயபாளையம் போன்ற ஊருக்குத் திரும்புகிறவர்க்கு, வீடு கட்டுதலும் பிள்ளைகளின் படிப்பும் இனிமேல்தான் காத்திருக்கின்றன.

தமிழக அரசு 1986-இல் நிறுவிய டெக்ஸ்கோ கழகம் இவர்களுக்குக் காவற்பணி வழங்குகிறது. 2025 ஆகஸ்டில் தொடங்கப்பெற்ற ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டத்தில் தொழில் தொடங்க 1 கோடி ரூபாய் வரை வங்கிக் கடனும், 30 விழுக்காடு மூலதன மானியமும், 3 விழுக்காடு வட்டி மானியமும் உண்டு.

இவற்றை நாட முதற்படி, முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிவு செய்துகொள்வதே. மற்றொன்றும் மறவாதீர்: டிஸ்சார்ஜ் புத்தகத்தில் மனைவியின் திருமுழுக்குப் பெயரும் ஆதார் அட்டையில் வீட்டுப் பெயரும் இருக்குமாயின், கணவரை இழந்தபின் குடும்ப ஓய்வூதியத்துக்காக அவர் அலைய நேரிடும். வீரர் உயிருடனிருக்கும்போதே அதைத் திருத்திவிடுதல் நன்று.

பங்கின் படித்த இளைஞரே, எழுத்தறியாத முதியவர்க்கு விண்ணப்பம் எழுதித் தர ஒரு பிற்பகலை ஒதுக்குங்கள். நம்மால் ஈயக்கூடிய பாதி மேலாடை அதுவே.