வெளுத்ததெல்லாம் கிழிசலா?

புரட்டாசி நெருங்கினால் போதும், வாசகர் கடிதங்களின் போக்கே மாறிவிடும். நகரி, புத்தூர், சித்தூரிலிருந்து வந்த உறைகளில் இந்த முறை முட்டி எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் நகல்கள். கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான்: 'பார்ஷியல் டேர்' என்று எழுதியிருக்கிறது, முதல் சனிக்கிழமைக்குள் தெரிய வேண்டும், அலிபிரி வழியாகத் திருமலைக்கு நடந்து ஏறலாமா?

முதலில் ஒரு குழப்பம். 'ஜவ்வு கிழிஞ்சிருச்சு' என்று நாம் ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். எலும்புகளைக் கட்டிப்பிடிக்கும் லிகமென்ட் வேறு, நடுவில் மெத்தையாக இருக்கும் மெனிஸ்கஸ் வேறு. ரிப்போர்ட்டில் எது என்று பாருங்கள்.

எம்.ஆர்.ஐ. மெஷின் தேடுவது தண்ணீரை. அதாவது, தண்ணீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் கருக்கள் தரும் சமிக்ஞையை. நல்ல லிகமென்டில் நார்கள் முறுக்கிய கயிறு போல நெருங்கிக் கிடக்கும். அவற்றோடு ஒட்டிய நீரின் சமிக்ஞை, மெஷின் பிடிப்பதற்குள் அணைந்துவிடும். அதனால் படத்தில் அது கறுப்புப் பட்டை. நார் அறுந்து ரத்தமும் நீரும் புகுந்தால் அந்த இடம் வெளுக்கும். 'கிழிசல்' என்பது அந்த வெளுப்பைப் பார்த்து ஒருவர் எடுக்கும் முடிவு.

எனக்கு உறுத்துவது இங்கேதான். நார்கள் காந்தப்புலத்துக்குச் சுமார் 55 டிகிரி சாய்ந்து கிடந்தால், கிழிசலே இல்லாமல் வெளுத்துத் தெரியும். ஒட்டிய நீரின் ஹைட்ரஜன் கருக்கள் ஒன்றையொன்று தடுமாற வைப்பதால்தான் சமிக்ஞை சீக்கிரம் அணைகிறது. அந்தச் சாய்வில் மட்டும் தடுமாற்றம் பூஜ்யமாகிவிடுகிறது. ரேடியாலஜிஸ்டுகளே இதை 'மேஜிக் ஆங்கிள்' என்றுதான் சொல்கிறார்கள். பின்பக்கத்து லிகமென்டான பி.சி.எல். வளையும் இடத்தில் இந்தக் கண்கட்டு வித்தை நடக்கும். சமிக்ஞையைக் கொஞ்சம் தாமதித்துப் பிடித்தால் பொய் வெளுப்பு மறையும், நிஜக் கிழிசல் மறையாது. ஒரே முட்டியை விதவிதமாகப் படமெடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வயதானவர்களுக்கு இன்னொரு சிக்கல்: நார் அறுபடாமலே, முன்பக்கத்து லிகமென்டான ஏ.சி.எல். பருத்து வெளுத்திருக்கலாம். முழுதாக அறுந்ததை எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் தவறவிடாது. பாதிக் கிழிசலில்தான் தடுமாறும். '100% துல்லியம்' என்று போர்டு வைப்பவர்கள் இந்த வித்தியாசத்தைச் சொல்வதில்லை.

ரிப்போர்ட்டின் கடைசி வரியைப் படியுங்கள். 'கிளினிக்கல் கோரிலேஷன் தேவை' என்று அநேகமாக இருக்கும். டாக்டர் தொட்டுப் பார்த்து முடிவு செய்யட்டும் என்று அர்த்தம். பாதி அடக்கம், பாதி தற்காப்பு. லாக்மன் சோதனையில் டாக்டர் முட்டியை 20, 30 டிகிரி மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்து, மறு கையால் கீழ்க்காலை முன்னால் இழுப்பார். 'டக்'கென்று நின்றால் ஏ.சி.எல். பிடிக்கிறது. நிற்காமல் வழுக்கிக்கொண்டு வந்தால் சந்தேகம்தான். ஒரு நிமிஷ வேலை. நல்ல காலிலும் செய்து ஒப்பிட்டாரா என்று கேளுங்கள்.

மெனிஸ்கஸ்காரர்களுக்கு ஒரு கணக்கு. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாமில் 50 முதல் 90 வயதுக்குள் 991 பேரை ஸ்கேன் செய்து, முடிவை 2008-இல் வெளியிட்டார்கள். கிழிசல் இருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் முட்டி வலியோ இறுக்கமோ இல்லை.

புத்தூர் கட்டு போட்டால் சேருமா? மூங்கில் சிம்பு வைத்து அசையாமல் கட்டினால் எலும்பு சேரலாம், அது எலும்பின் குணம். மூட்டுக்குள் முழுதாக அறுந்த ஏ.சி.எல். பெரும்பாலும் அப்படிச் சேராது. எக்ஸ்ரேயிலும் அது தெரியாது.

கதிர்வீச்சு? எம்.ஆர்.ஐ.யில் இல்லை.

ஊசி மருந்து? லிகமென்டுக்கு வழக்கமாகத் தேவைப்படாது.

பேஸ்மேக்கர்? பெயர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

தாலி? கழற்றச் சொல்வார்கள்.

அலிபிரி? 3,550 படி. திரும்பும்போது முட்டி மடங்கிவிடுகிறது என்றால், டாக்டர் பார்க்கும்வரை வேண்டாம். வீக்கம் இல்லை, கால் உறுதியாக நிற்கிறது, டாக்டரும் சரி என்றார் என்றால் மெல்ல ஏறலாம். வழியில் முழங்கால் முறிச்சான் ஏற்றத்தில் உட்கார்ந்து போங்கள். இறங்குவது மட்டும் பஸ்ஸில்.