மணிக்கூடு வீடு மாறியபோது

வலிகாமம் வடக்கிலிருந்து 1990 யூனில் இடம்பெயர்ந்த மக்களுக்குக் காணிகள் கட்டம் கட்டமாகவே விடுவிக்கப்பட்டன. மயிலிட்டித் துறைமுகமும் அதனை அண்டிய காணிகளும் 2017 யூலையில்தான் விடுபட்டன. அவ்வாறு காணி கிடைத்து, வீடும் கட்டி முடித்த ஓர் அம்மா, சென்ற வருடம் சுன்னாகத்து உறவினர் வீட்டிலிருந்து தமது ஊருக்குக் குடிபோனார். உதவிக்கு நானும் போயிருந்தேன். கட்டில், அலுமாரி, தையல் இயந்திரம் எல்லாம் லான்ட்மாஸ்டரில் ஏறிவிட்டன. சுவரில் மணிக்கூடு மட்டும் மிஞ்சியிருந்தது.

"அதை நான் ஓட்டோவிலை மடியிலை வைச்சுக்கொண்டு வாறன் பிள்ளை. ஒருத்தரும் கை வைக்க வேண்டாம்" என்றார்.

அவருடைய மாமனார் மலாயா றெயில்வேயில் வேலை செய்து, பென்சனோடு ஊர் திரும்பியபோது கொண்டுவந்த ஜேர்மன் மணிக்கூடு அது.

அவர் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன் வேறொரு சகோதரியின் இதே போன்ற மணிக்கூட்டை, ஊசலையும் கழற்றாமல், லொறியில் படுக்க வைத்து ஏற்றியவள் நான். இறக்கும்போது கண்ணாடி தூளாகியிருந்தது. ஊசலைத் தாங்கும் மெல்லிய உருக்குத் தகடு முறிந்து, குண்டு உள்ளே உருண்டு முகப்பையும் கீறிவிட்டது. அந்தச் சகோதரி என்னை ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை. ஏசியிருந்தால் மனம் ஆறியிருக்கும்.

ஆகவே இம்முறை கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்தேன்.

அம்மா ஆயத்தத்தை ஒரு வாரத்துக்கு முன்பே தொடங்கிவிட்டார். எட்டு நாள் மணிக்கூட்டுக்கு வாரம் ஒருமுறை சாவி கொடுப்பது வழக்கம். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கொடுக்கவில்லை. வில்லில் முறுக்கு இருக்கும்போது ஊசலைக் கழற்றினால், மணிக்கூடு கட்டுப்பாடில்லாமல் வேகமாக ஓடிப் பற்சில்லுகள் தேயும். தானாக ஓய்ந்து நின்ற பிறகே கதவைத் திறந்தார். ஊசலை இழுக்கவில்லை, சற்று மேலே தூக்கிக் கொளுக்கியிலிருந்து விடுவித்தார். அதைப் பழைய சாரத்துண்டில் சுற்றி, சாவியோடு சேர்த்துத் தமது கைப்பையில் வைத்துக்கொண்டார். மணி அடிக்கும் சுத்தியலுக்கும் கம்பிச்சுருளுக்கும் இடையில் மெல்லிய துணியைச் செருகினார். கதவைச் சாத்திப் பருத்தி நாடாவால் கட்டினார். கண்ணாடியில் ரேப் ஒட்டுவதை அவர் விரும்பவில்லை. அது சரியே. பழைய கண்ணாடியில் பொன்வர்ணக் கோலம் இருந்தால் ரேப்போடு அதுவும் உரிந்து வந்துவிடும். பொலித்தீனையும் மரத்தில் நேரே சுற்றக்கூடாது. வெயிலில் பழைய வார்னிஷில் ஒட்டிக்கொள்ளும். முதலில் பருத்திச் சேலை, அதற்கு மேல் தலையணை.

இதையெல்லாம் எங்கே பழகினீர்கள் என்று ஓட்டோவில் கேட்டேன். 1995 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது, அவருடைய கணவர் மணிக்கூட்டைத் தலையணையில் வைத்துச் சைக்கிளில் கட்டி, ஊசலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, நெரிசலில் நாவற்குழிப் பாலம் தாண்டிச் சாவகச்சேரி வரை உருட்டினாராம். "அரிசியை விட்டிட்டு இதைக் கொண்டு வாறியளோ எண்டு நான் பேசினனான்" என்றார்.

புது வீட்டில் சாந்து பூசி அதிக நாளாகவில்லை. ஈரம் காயாத சீமெந்துச் சுவரில் மாட்டினால் மரம் கோணும், உருக்கு துருப்பிடிக்கும். அதனால் மூன்று வாரங்கள் மணிக்கூடு அலுமாரியிலேயே இருந்தது. பிறகு, வெயிலும் அடுப்புப் புகையும் படாத, கதவு அறைந்தால் அதிராத சுவராகப் பார்த்து, கல்லில் துளையிட்டு, பிளக் வைத்துத் திருகாணி பூட்டினோம். சாவி கொடுக்கக் கையெட்டும் உயரத்தில்தான். ஊசலைக் கொளுவி ஆட்டிவிட்டுக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். 'டிக்'கும் 'டொக்'கும் சம இடைவெளியில் விழாவிட்டால் பெட்டி சரிந்திருக்கிறது. அடிப்பக்கத்தை மெல்ல இடமோ வலமோ நகர்த்தி, ஒலி சீரானதும் சுவரில் பென்சிலால் அடையாளமிட்டோம். நேரம் பிந்தினால் ஊசற்குண்டைச் சற்று உயர்த்த வேண்டும். முந்தினால் தாழ்த்த வேண்டும். தேங்காயெண்ணெய் விடுகிற பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அது பசையாகித் தூசியைப் பிடிக்கும், வேண்டாம்.

முட்களைப் பின்னோக்கித் திருப்பினால் மணி அடிக்கும் பொறி பழுதாகலாம். நாட்டின் நேரம் 1996 மே 25இல் ஒரு மணித்தியாலம் முன்னோக்கி மாற்றப்பட்டபோது கணவரே முள்ளை நகர்த்தினார். அந்த ஆவணியில் அவர் காணாமற்போனார். ஒக்டோபர் 26இல் நேரம் அரை மணித்தியாலம் பின்னோக்கிப் போனது. "பின்னுக்குத் திருப்பக் கூடாதெண்டு அவர் சொன்னது ஞாபகம் வந்திது. ஊசலை நிப்பாட்டிப்போட்டு அரை மணித்தியாலம் கதிரையிலை பார்த்துக்கொண்டு இருந்தன்" என்றார் அம்மா. 2006 சித்திரை வருடப்பிறப்போடு நேரம் மீண்டும் அரை மணித்தியாலம் பின்னே மாறியபோதும் அப்படியே இருந்தாராம்.

புது வீட்டில் முட்கள் ஒன்பதில் நின்றன. அப்போது நேரம் மாலை நாலு பத்து. அம்மா ஸ்டூலில் ஏறி முள்ளை முன்னோக்கி நகர்த்தினார். ஒவ்வொரு மணிக்கும் அரை மணிக்கும் நிறுத்தி, அடித்து முடியும்வரை காத்திருந்தார். பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று அடிக்க, பக்கத்து வளவுப் பிள்ளைகள் வேலியால் எட்டிப் பார்த்தார்கள்.