பாதத்தில் அழுத்தம், தட்டில் அளவு

பாத வரைபடம்

உள்ளங்காலின் ஒவ்வொரு பகுதிக்கும் உடலின் ஓர் உறுப்போடு தொடர்பு உண்டு என்னும் கருத்தில் பிறந்தது ரிஃப்ளெக்சாலஜி. அமெரிக்கக் காது, மூக்கு, தொண்டை மருத்துவர் வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்டு உடலை நெடுக்காகப் பத்து மண்டலங்களாகப் பிரித்து 1917-இல் நூலாக வெளியிட்டார். 1930-களில் யூனிஸ் இங்காம் அதைப் பாத வரைபடமாக விரித்தார். அதன்படி கால்விரல்கள் தலைக்கும், நடுவளைவு இரைப்பைக்கும் குடலுக்கும் உரியவை.

இந்தத் தொடர்பை உடற்கூறியல் உறுதிசெய்யவில்லை. இம்முறை நோயைக் குணப்படுத்தும் என்பதற்கும் போதிய சான்று இல்லை. நிதானமாகக் கால் பிடித்துவிட்டால் உடலும் மனமும் தளரும் என்பதே இதன் நிச்சயமான பலன்.

பதற்றமும் செரிமானமும்

பதற்றத்தின்போது பரிவு நரம்புகள் முடுக்கப்படுகின்றன. இரைப்பையிலிருந்து உணவு இறங்குவது தாமதமாகிறது, பெருங்குடலோ வேகமெடுக்கிறது. சாப்பிட்டது அப்படியே நிற்பதுபோல் நெஞ்சு கரிப்பதும், அவசரமாக வயிறு கலக்குவதும் இதனால்தான். மனம் அமைதியடையும்போது வேகஸ் நரம்பின் வழியே செரிமானம் சீராகிறது.

வீட்டிலும் பூங்காவிலும்

இரவு உணவுக்கு முன்போ, உணவு முடிந்து ஒரு மணி நேரம் கழித்தோ பாதத்தைப் பிடித்துவிடலாம். சிறிது நல்லெண்ணெய் தடவி, பாதத்தின் மேட்டுக்குக் கீழுள்ள குழிவில் கட்டைவிரலைப் பதித்து, மூச்சை வெளிவிடும்போது மெல்ல அழுத்த வேண்டும். பின் நடுவளைவு வழியாகக் குதிகால் வரை நகரலாம். ஒரு காலுக்கு 5 முதல் 10 நிமிடம் போதும். வலிக்கும் அளவுக்கு அழுத்தக் கூடாது.

சென்னைப் பூங்காக்கள் சிலவற்றில் கூழாங்கல் பாதைகள் உண்டு. 2005-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 16 வாரம் கூழாங்கல் விரிப்பில் நடந்த முதியோருக்கு உடல் சமநிலை மேம்பட்டது. ரத்த அழுத்தமும் சற்றுக் குறைந்தது.

தட்டில் மாற்றம்

மயிலாப்பூரிலும் தி. நகரிலும் பொழுது விடிவதே டிகிரி காபியில்தான். 150 மில்லி வடிகட்டிய காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் காஃபின் இருக்கிறது. நாளொன்றுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2024 வழிகாட்டுதல். அலுவலகத்தில் மூன்றாவது, நான்காவது டம்ளர் சேரும்போது இந்த அளவு தாண்டிவிடுகிறது. தூக்கம் கெடுகிறது, நெஞ்செரிச்சலும் கூடலாம். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் காபி, டீ தவிர்த்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேரும்.

அதே வழிகாட்டுதல் நாளுக்கு 400 கிராம் காய்கறியும் 100 கிராம் பழமும் பரிந்துரைக்கிறது. இலையில் சோற்றைக் குறைத்து, அவரைப் பொரியல், கீரை மசியல், வாழைத்தண்டுக் கூட்டு ஆகியவற்றைக் கூட்டினால் நார்ச்சத்து சேர்ந்து மலச்சிக்கல் குறையும். புளித்த மாவில் ஆவியில் வெந்த இட்லி எளிதில் செரிக்கும். ஆனால் வேகும்போதே அதிலுள்ள நுண்ணுயிர்கள் மடிந்துவிடும். உயிருள்ள நன்மை பாக்டீரியாவுக்கு மோரும் தயிரும் நல்ல வழி. மாலை பஜ்ஜி, போண்டாவுக்குப் பதில் சுண்டல் சாப்பிடலாம்.

யாருக்குக் கவனம் தேவை

சர்க்கரை நோயால் பாத உணர்வு குறைந்தவர்கள் வெறுங்காலுடன் கூழாங்கல்லில் நடக்கக் கூடாது; கீறல்கூடத் தெரியாமல் புண்ணாகிவிடும். வெயில் ஏறிய கல்லில் எவரும் நடப்பது நல்லதல்ல. காலில் ரத்தக்கட்டி, காயம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டபின்பே பாத அழுத்தம் செய்துகொள்ள வேண்டும். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, விழுங்குவதில் சிரமம் ஆகியவை தெரிந்தால் உடனே இரைப்பை, குடல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.