திரைப்பட மாலையும் கொறிக்கும் தீனியும்

ஊரில் கீற்றுக் கொட்டகையில் மணல் குவித்து அமர்ந்து படம் பார்த்த தலைமுறையினருக்கு, இடைவேளை என்றதும் கடலைக்காரரின் குரல் நினைவுக்கு வரும். காகிதப் பொட்டலத்தில் அவர் அளந்து கொடுத்த வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடிக்குச் சற்றே மிகும். அது தீர்ந்ததும் தின்பதும் தீர்ந்தது. விளக்கு அணைந்ததும் கண் திரைக்குத் திரும்பிவிடும்.

இன்று தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்முடைய வீடுகளில் கொட்டகை கூடத்திற்கே வந்துவிட்டது. 1980களில் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் தூர்தர்ஷன் மாநில மொழிப் படங்களை நாடு முழுவதற்கும் ஒளிபரப்பியபோது, தமிழ்ப் படத்தின் முறை என்று வருமெனக் காத்திருந்தோர் நம்முள் பலர். இப்பொழுது அந்தக் காத்திருப்பு இல்லை. சனிக்கிழமை இரவு இணையத்தின் வழியாக நாம் விரும்பும் படம் வருகிறது. வேற்று மாநிலத்தில் பிறந்து வளரும் குழந்தைகள் தமிழைக் காதாரக் கேட்பதற்கு இஃது ஒரு நல்ல வாய்ப்பு. ஆதலின் இம்மாலையைக் கைவிட வேண்டும் என்று யாரும் கூறமாட்டார். நாம் ஆராய வேண்டுவது, அப்பொழுது நம் மடியில் இருக்கும் பாத்திரத்தில் என்ன இருக்கிறது என்பதையே.

பெரும்பாலான வீடுகளில் இருப்பது முறுக்கு, தட்டை, மிக்சர், உருளைக்கிழங்கு வறுவல் ஆகியவையே. இவை அரிசி மாவும் கடலை மாவும் கிழங்கும் எண்ணெயில் பொரிந்த பண்டங்கள். இவற்றின் எடையில் ஏறத்தாழப் பாதி மாவுச்சத்து. எஞ்சியதில் பெரும்பங்கு எண்ணெய். மாவுச்சத்து குடலில் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. கணையத்தில் சுரக்கும் இன்சுலின் அச்சர்க்கரையை உடலின் தசைகளுக்குள் செலுத்துகிறது. நடப்பவரும் உழைப்பவரும் அதனை விரைவில் செலவிடுகின்றனர். இரண்டரை மணி நேரம் அசையாது அமர்ந்திருப்பவரின் தசைகளுக்கோ அத்தேவை இல்லை. மேலும், சர்க்கரையைக் கையாளும் திறன் உடலுக்குக் காலையில் இருப்பதைவிட இரவில் குறைவு. ஆகவே, பகலில் தின்றால் பொறுத்துக்கொள்ளும் அதே முறுக்கு, இரவில் அமர்ந்தபடி தின்னும்போது உடலுக்கு மிகுந்த சுமையாகிறது.

இச்சுமை எத்தகையது என்பதை நாடு முழுவதும் நடைபெற்ற ஓர் ஆய்வு காட்டியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இணைந்து நடத்திய அவ்வாய்வின் முடிவுகள் 2023ஆம் ஆண்டில் வெளியாயின. 2021ஆம் ஆண்டின் நிலவரப்படி இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு இருந்தது என்றும், 13 கோடிக்கு மேற்பட்டோர் அதன் வாயிலில் நின்றனர் என்றும் அது மதிப்பிட்டது. கிராமத்தாரைவிட நகரத்தாரிடையே இந்நோய் மிகுதி. பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களுக்குச் சென்ற நம்மில் பெரும்பாலோர் நகரவாசிகள் என்பதை இங்கே நினைவிற் கொள்ளல் வேண்டும்.

அதே ஆய்வின் தொடர்ச்சியாக 2025ஆம் ஆண்டில் வெளியான மற்றொரு பகுதி நமக்கு வழியையும் காட்டுகிறது. இந்தியர் உண்ணும் உணவின் ஆற்றலில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று அது கண்டது. அதில் வெறும் 5 விழுக்காட்டை நீக்கி, அவ்விடத்தில் பயறு முதலியவற்றின் புரதத்தையோ பாலின் புரதத்தையோ வைத்தால் நீரிழிவின் வாய்ப்புக் குறையக்கூடும் என்பது அவ்வாய்வாளர்களின் கணிப்பு. மூன்று வேளை உணவையும் ஒருங்கே மாற்றுவது எளிதன்று. ஆனால் கொறிக்கும் தீனியை மாற்றுவதற்குச் சமையலறையில் பெரிய புரட்சி ஒன்றும் தேவையில்லை.

இனி, என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

முதலிடம் அந்தப் பழைய வேர்க்கடலைக்கே உரியது. 30 கிராம் வேர்க்கடலையில் மாவுச்சத்து 5 கிராம் அளவே உண்டு. புரதமோ 7 கிராம். எண்ணெயின்றி வறுத்தும் தின்னலாம்; தோலோடு உப்பு நீரில் வேகவைத்து உரித்தும் தின்னலாம். உரிப்பதற்குச் செலவாகும் நேரம் தின்னும் வேகத்தைக் குறைக்கும் என்பது மற்றொரு நன்மை. வெந்த கடலையுடன் பொடியாக அரிந்த வெங்காயம், கொத்தமல்லித் தழை, பச்சை மிளகாய், கிடைத்தால் சிறிது மாங்காய் சேர்த்து எலுமிச்சை பிழிந்தால் வேறொன்றும் வேண்டியதில்லை.

அடுத்தது சுண்டல். சென்னைக் கடற்கரையில் தேங்காயும் மாங்காயும் கலந்து விற்கும் பட்டாணிச் சுண்டலை மறந்தவர் யார்? மாவுச்சத்து அறவே இல்லாத பண்டம் என்று இதனைக் கூற இயலாது. வெந்த கொண்டைக்கடலை 100 கிராமில் மாவுச்சத்து 27 கிராம் உண்டு. ஆயினும் அதில் 8 கிராம் நார்ச்சத்து. அது சர்க்கரையாக மாறுவதில்லை. 9 கிராம் புரதமும் உடன் இருப்பதால் வயிறு விரைவில் நிறைகிறது. சர்க்கரையும் மெல்லவே ஏறுகிறது. பயறுகளைத் தாளித்து உண்ணும் இவ்வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. கன்னடத்தார் உசலி என்பர். ஆந்திரத்தார் குக்கில்லு என்பர். ஆகவே எந்த ஊரில் இருந்தாலும் அதற்கான பயறு அடுத்த தெருக் கடையிலேயே கிடைக்கும்.

பெங்களூரில் வாழ்வோர் அங்குள்ள கோசம்பரியை அறிவர். ஊறிய பாசிப்பருப்பும் அரிந்த வெள்ளரிக்காயும் தேங்காய்த் துருவலும் சேர்ந்த இப்பண்டத்தில், பருப்பைக் குறைத்து வெள்ளரியைக் கூட்டினால் மாவுச்சத்து மேலும் குறையும். முளைகட்டிய பாசிப்பயறும் ஏற்றதே. அதனைப் பச்சையாக உண்ணாது ஆவியில் சற்று வேகவைப்பது நலம். முளைவிடும் ஈரத்தில் கிருமிகளும் வளரக்கூடும்.

தில்லியில் சோயா பனீர் என்ற பெயரில் விற்கப்படும் டோஃபு நம்மவர் பலருக்குப் புதியது. சோயா மொச்சையின் பாலைத் திரித்துச் செய்வது அது. கெட்டியான வகையில் 100 கிராமுக்கு மாவுச்சத்து 2 அல்லது 3 கிராமே. துண்டுகளாக்கித் துணியில் ஒற்றி நீரை நீக்கி, ஒரு கரண்டி எண்ணெயில் கறிவேப்பிலையும் மிளகுத்தூளும் இட்டுப் புரட்டினால், அதன் மணம் நம் வீட்டு மிளகு வறுவலின் மணமே. குளிர்காலத்தில் அந்நகரத் தெருக்களில் குவியும் முள்ளங்கியையும் காரட்டையும் நீளவாக்கில் அரிந்து, கெட்டியாக அரைத்த தேங்காய்ச் சட்டினியில் தோய்த்து உண்ணலாம்.

கொல்கத்தா வாசிகள் ஜால்முரியை விட மனம் கொள்ளமாட்டார், விடவும் வேண்டா. அதில் பொரியின் அளவையும் மற்றவற்றின் அளவையும் இடம் மாற்றினால் போதும். வெந்த கொண்டைக்கடலையும் வேர்க்கடலையும் வெள்ளரியும் தேங்காய்ப் பல்லும் முக்கால் பாத்திரம் இருக்கட்டும். பொரி மேலே தூவும் அளவில் இருக்கட்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை கூறவேண்டும். பீகாரின் மிதிலைப் பகுதியில் விளையும் மக்கானா இப்பொழுது உடல்நலத் தீனி என்று எங்கும் புகழப்படுகிறது. எண்ணெயில் பொரித்த பண்டங்களைவிட அது மேலானதே. ஆயினும் அதன் எடையில் 70 விழுக்காட்டுக்கு மேல் மாவுச்சத்து. சோளப்பொரியும் அத்தன்மையதே. எடை குறைந்தவையாதலால் ஒரு சிறு கிண்ணம் தீங்கு செய்யாது. பெரிய பாத்திரம் நிறைய உண்டால் கணக்கு மாறிவிடும்.

பண்டம் நல்லதாயினும் அளவு மீறினால் பயனில்லை. கவனம் வேறிடத்தில் இருக்கும்போது மனிதர் மிகுதியாக உண்கின்றனர் என்பதையும், அவ்வாறு உண்டதன் நினைவு குறைவதால் அடுத்த வேளையிலும் கூடுதலாக உண்கின்றனர் என்பதையும் 2013ஆம் ஆண்டில் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று எடுத்துக்காட்டியது. கதாநாயகன் வில்லனைத் துரத்தும் வேளையில் கை எத்தனை முறை பாத்திரத்திற்குச் சென்றது என்று யார் எண்ணுவார்? வேர்க்கடலையும் 100 கிராமுக்கு 550 கலோரிக்கு மேல் ஆற்றல் உடையது. ஆதலின் படம் தொடங்குமுன்னரே ஆளுக்கு ஒரு சிறு கிண்ணம் என்று பகிர்ந்து, டப்பாவை அலமாரியில் வைத்து மூடிவிடுதல் நன்று. கடலைக்காரரின் காகிதப் பொட்டலம் செய்த வேலை அதுவே.

உப்பையும் கவனித்தல் வேண்டும். ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே கொள்ளவேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. எலுமிச்சையும் மிளகும் சீரகமும் உப்பின் தேவையைக் குறைக்கும்.

இன்னும் சில சொல்ல வேண்டியவை உள. நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ கொள்வோர் மாவுச்சத்தைத் திடீரெனக் குறைத்தால் இரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துவிடக்கூடும். மருத்துவரைக் கேட்டபின்னரே மாற்றம் செய்க. சிறுநீரக நோய் உள்ளோரும் பயறையும் கடலையையும் கூட்டுமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் கையில் முழுக் கடலையைக் கொடுத்தல் ஆகாது. இருட்டில், சிரிக்கும்போது அது மூச்சுக்குழாயில் சிக்கும் அபாயம் உண்டு. அவர்களுக்கு நன்கு மசித்த சுண்டலே போதும். வேர்க்கடலை ஒவ்வாத உடலினரும் உளர். விருந்தினர் வரும்போது கேட்டுக்கொள்வது நல்லது.

ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கு டப்பாவை என்ன செய்வது என்று கேட்பீர்கள். இரண்டு நாள் இரயிலில் வந்த அம்முறுக்கை ஒதுக்குமாறு கூற நமக்கும் மனம் வராது. அதனைத் திரையின் முன் வைக்காமல், பகலில், காப்பியோடு, ஒன்றே ஒன்றை எடுத்து அதன் சுவையை அறிந்து உண்போம். அம்மாவின் கைப்பக்குவத்திற்கு நாம் செய்யும் மரியாதையும் அதுவே ஆகும். டப்பாவும் பல வாரங்களுக்கு வரும்.

வரும் சனிக்கிழமை இரவு படம் பார்ப்பதாயின், அன்று காலையிலேயே கொண்டைக்கடலையை நீரில் இட்டுவிடுங்கள். அது நன்கு ஊற எட்டு மணி நேரம் வேண்டும்.