ஹைப்போவா, ஹைப்பரா?

போன மாசம் அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்குச்சு. போன்ல நர்ஸ், “ஹைப்போக்ளைசீமியாவா இருக்கும், செக் பண்ணுங்க”ன்னாங்க. என் காதுல விழுந்தது “ஹைப்பர்”. இன்சுலினைக் கையில எடுத்துட்டேன்! நல்லவேளை, அம்மாவே மீட்டரை நீட்டினாங்க: 58. சர்க்கரைத் தண்ணி குடுத்து, 15 நிமிஷம் கழிச்சுப் பார்த்தா 84.

ரெண்டும் கிரேக்கச் சொல்தான். ஹைப்போன்னா கீழே, ஹைப்பர்னா மேலே. ‘க்ளைக்’ இனிப்பு, ‘ஈமியா’ ரத்தம். சர்க்கரை 70-க்குக் கீழே போனா ஹைப்போ. சிக்கல் உச்சரிப்புலதான் இருக்கு: அழுத்தம் முழுக்க ‘சீ’ மேல விழுது, உயிரைக் காப்பாத்துற ‘ப்போ’ காதுல மங்கிடுது. (சொல்லிப் பாருங்க.) இப்பல்லாம் நான் வெட்கப்படாம, “சுகர் லோவா, ஹையா?”ன்னு திருப்பிக் கேட்டுடுறேன்.